நடக்கும் வேகம்

தாளின் தலையில் இத்தாலிய மொழியில் ஒரு சொல்:
நடக்கும் வேகத்தில்.
யாருடைய நடை என்று சொல்லவில்லை.
எண் எதுவும் தரவில்லை.
எழுதியவர் போய் நூறாண்டுக்கு மேலாகிறது,
கேட்க வழியில்லை.

துவோவிக்கு ஐம்பத்திரண்டு வேண்டும்.
அய்மோவுக்கு அறுபத்து மூன்று.
நிமிடத்துக்குப் பதினொரு தட்டு வித்தியாசம்.
அதற்காக மூன்று செவ்வாய்க்கிழமைகள்
குவோப்பியோவின் ஏரிக்கரைப் பள்ளியில்
கோட்டைக் கழற்றாமலே சண்டை போட்டார்கள்.

நான் பியானோக்காரருக்குப் பக்கம் புரட்டுகிறவள்.
பகலில் பல் மருத்துவமனையில் உதவியாளர்.
இரண்டும் ஒரே வேலைதான்:
கேட்பதற்கு முன்னே நீட்ட வேண்டும்,
நீட்டியபின் அங்கே இல்லாதிருக்க வேண்டும்.

"உன்னிடம் வில் இருக்கிறது," என்பார் அய்மோ,
"ஒரு சுரத்தை விரும்பிய மட்டும் இழுப்பாய்.
என்னுடையது தட்டிய கணமே சாகத் தொடங்குகிறது.
நீ சொல்லும் வேகத்தில்
அடுத்த கட்டையைத் தொடுவதற்குள்
முந்தையதைப் புதைத்துவிட்டு
காப்பியும் குடித்து வரலாம்."
துவோவி வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருப்பாள்.
வெகுநேரம் கழித்து,
"சாகட்டுமே," என்பாள். "சாவது கேட்கட்டும்."

ஈ ஃபிளாட் மைனர். ஆறு ஃபிளாட்டுகள்.
பியானோவில் அது பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள்;
மின்சாரம் போன மாடிப்படியில் ஏறுகிறவராய்
அய்மோவின் தடித்த விரல்கள்
ஒவ்வொன்றாகத் தடவிப் போகும்.
வயலினிலோ அது பூட்டிய வீடு.
நான்கு தந்திகளில் ஒன்றுக்கும்
விரல் படாமல் வாய்திறக்க அனுமதியில்லை.
எதைத் தொட்டாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும்,
எதுவும் பக்கத்துத் தந்தியை எழுப்பாது.
கடுங்குளிரில் கழுத்துத் துணிக்குள்ளேயே
பேசிக்கொள்வோமே, அந்தக் குரல்.

சோகமான பகுதி என்று அறிவிப்புத் தாளில் அச்சாகியிருந்தது.
எனக்கு அப்படிப் படவில்லை.
பல்லைப் பிடுங்கிய பிறகு
நாக்கு அந்தக் குழிக்கே போய்ப் போய்த் திரும்பும்.
வலி இல்லை.
என்ன இருந்தது என்று சரிபார்க்கும் பழக்கம்.
ஃபின்னிஷில் அதற்குச் சொல் கிடையாது,
இத்தாலியனில் இருக்கலாம்.

மூன்றாம் செவ்வாய், துவோவி
வயலினை என் மடியில் கிடத்திவிட்டு வெளியேறினாள்.
ஜன்னலில் பார்த்தோம்.
உறைந்த ஏரியின் மேல், முழங்கால் பனியில்,
மீனுக்காகத் துளைத்த ஓட்டைகளைத் தாண்டி
நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.
அய்மோ மெட்ரோனோமின் எடையை நகர்த்தி ஆடவிட்டார்.
"பார். அறுபத்து மூன்று."
கோபத்தில் அவள் அவருடைய வேகத்தில் நடந்தாள்.

திரும்பும்போது எதிர்க்காற்று.
தன் தடங்களிலேயே கால்வைத்து வந்தாள்.
ஊசல் அவளை விட்டுவிட்டு முன்னே ஓடியது.
ஐம்பத்திரண்டு; ஐம்பதாகவும் இருக்கலாம்.
எண்ணினேன், சொல்லவில்லை.
அய்மோ அதற்குள் ஜன்னலுக்கு முதுகு காட்டியிருந்தார்.

மார்ச் கடைசி ஞாயிறு. தேவாலயக் கூடம்.
நாற்பது பேர், அதில் பதினைந்து இருமல்.
ஐம்பத்தெட்டு அளவில் தொடங்கினார்கள்,
யாரும் முடிவு செய்யாத எண்.
கடைசிப் பக்கத்துக்கு முன்னால்
பியானோவுக்கு ஒரு நீண்ட ஸ்வரக்கூட்டு.
எழுந்து நின்று தாளின் மூலையைப் பிடித்தேன்.
அய்மோ தலையசைத்தார்.
நான் புரட்டவில்லை.

சின்னக் கண்ணாடியில் படிந்த நோயாளியின் மூச்சு
ஓரங்களிலிருந்து விலகுவதுபோல
ஒலி போய்க்கொண்டிருந்தது.
எங்கே முடிகிறது என்று தெரியவேண்டியிருந்தது எனக்கு.
முப்பத்தொரு வருடத்தில் முதல்முறை
நீட்ட மறந்தது இந்தக் கை.
துவோவியின் வில் காற்றில் நின்றது.

பிறகு தாள் திரும்பியது.
நான்தான் திருப்பியிருக்க வேண்டும்.
புதிய பக்கத்தின் முதல் சுரத்தில்
ஃபிளாட்டை நீக்கும் சிறு குறி: ஜி.
துவோவி நான்கு விரல்களையும் தூக்கிவிட்டாள்.
யாரும் அழுத்தாத அடித்தந்தி
தானாகப் பேசியது,
மேஜரில், பெரிதாக ஒன்றும் சொல்லாமல்.

அப்புறம் காப்பி, ஏலக்காய் ரொட்டி.
அய்மோ என்னைத் திட்டவில்லை.
"அந்த இடத்தில் என்ன வேகம்?"
துவோவியிடம்தான் கேட்டார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள்,
"கேர்த்துவைக் கேளுங்கள்," என்றாள்.

எனக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு
ஒரு ஞானப்பல் காத்திருந்தது.